கேட்காமல் அடித்த பச்சை

புரட்டாசி 1, புதன்

பகல் சாப்பாடு முடிந்து கைகூடக் காயவில்லை, வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. முன்னாலிருந்து இறங்கியது சுகுணா. என் ஓரகத்தி தெய்வானையின் மகள். பின்னாலிருந்து இறங்கியது ஒரு சைக்கிள் பிரேம். சக்கரம் இல்லை, ஹேண்டில்பார் இல்லை, சீட்டு இல்லை. துருப்பிடித்த வெறும் எலும்பு. ஆனாலும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அது எங்கள் வண்டி.

எங்கள் என்றால், எனக்கும் தெய்வானைக்கும். அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் சம்சாரம். ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே மில்லில் வேலை. முதல் ஷிப்ட் அவள், இரண்டாம் ஷிப்ட் நான். விடியும் முன்னே இருட்டில் போக அவளுக்கு வண்டி வேண்டும். ராத்திரி இருட்டில் திரும்ப எனக்கு வேண்டும். பகல் வெளிச்சத்தில் அவள் வீட்டுக்கு நடந்து வருவாள், நான் மில்லுக்கு நடந்து போவேன். மில் கேட்டில் எதிர் எதிரே வந்து சாவியை மட்டும் கைமாற்றிக்கொள்வோம். அப்படி ஓடிய வண்டி.

திருமூர்த்தியைப் பெறுவதற்கு நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், மெரூன் கலர் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். கைப்பிள்ளையோடு திரும்பி வந்து பார்த்தால் வண்டி பச்சை. என்னிடம் கேட்கவில்லை. சொல்லவுமில்லை. அன்றைக்கு அவளோடு பேச்சை நிறுத்தினேன். பிற்பாடு தனிக்குடித்தனம் வந்தோம். கல்யாணம், சாவு என்று பார்த்தாலும் நடுவில் யாரையாவது வைத்துத்தான் பேச்சு. "அவங்களச் சாப்பிடச் சொல்லுங்க" என்கிற மாதிரி. திருமூர்த்திக்கு என்ன வயதோ அதே வயதுதான் அந்தச் சண்டைக்கும். இரண்டையும் நான்தான் வளர்த்தேன்.

சுகுணா சொன்னாள்: "அம்மாளை ஓசூருக்கே கூட்டிட்டுப் போறேன் சித்தி. விஜயதசமி அன்னைக்குக் கெளம்பறோம். இனித் தனியா உட முடியாது. போன மாசம் பாலை அடுப்புல வெச்சுப்போட்டுக் கோயிலுக்குப் போயிட்டாங்க. கோயில்ல இருந்து வூட்டுக்கு வர்றதுக்கே..." அதோடு நிறுத்திவிட்டாள்.

"உங்கொம்மா அந்தக் காலத்துலயே கவனக்கேடுதான்" என்றேன். சாவியை எத்தனை முறை தொலைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"பரண்ல இது கெடந்துச்சு. பாதி உங்களுதாமா. கலரு நீங்களே பாத்து அடிச்சுக்கச் சொன்னாங்க."

இப்போது வந்திருக்கிறது புத்தி. விஜயதசமிக்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். ஏன் பச்சை அடித்தாய்? அவ்வளவுதான். ஓசூருக்குப் போய்விட்டால் பிறகு யாரிடம் கேட்பது?

புரட்டாசி 2, வியாழன்

பேத்தி தாரணி பிரேமைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தாள். அவள் அப்பன் புதிதாகத் திறக்கப் போகிற பேக்கரிக்குச் சுவர், மேசை, விளக்கு எல்லாம் இவள் யோசனைதான். அதற்குத்தான் படித்தாளாம்.

"ஆத்தா, இதை அப்படியே பேக்கரிச் செவுத்துல மாட்டலாமா? துருவைத் தொடவே வேண்டாம். மேல கண்ணாடி மாதிரி ஒரு வார்னிஷ் அடிச்சாப் போதும். துரு துருவாவே நிக்கும். இப்ப இதுதான் பேஷன்."

"துரு பேஷனா?"

"ஆமா. இதுக்குன்னே புது இரும்பை வாங்கித் துருப்புடிக்க வெக்கறாங்க."

"அப்படீன்னா பழைய பன்னையும் பூஞ்சையோட வார்னிஷ் அடிச்சு வெய்யச் சொல்லு உங்கொப்பன."

திருமூர்த்தி உள்ளே இருந்து, "அம்மா, கடை தொறக்கறதுக்கு முந்தியே மூடறாப்பல பேசாதீங்க" என்றான்.

சீட்டுக் குழாய்க்குக் கீழே விரலால் சுரண்டினேன். துரு உதிர்ந்த இடத்தில் பச்சை. கட்டைவிரல் நகம் அளவுக்கு. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

புரட்டாசி 3, வெள்ளி

ஆவாரம்பாளையத்தில் மைக்கேல் பட்டறை. அங்கே பவுடர் கோட்டிங் போடுகிறார்கள். பிரேமை மணலைப் பீய்ச்சி அடித்து வெறும் இரும்பாக்கி, மேலே கலர்ப் பவுடரைத் தூவி, பெரிய அடுப்புக்குள் விட்டு வேகவைத்து எடுப்பது. திருமூர்த்திக்கு அந்த அடுப்பைப் பார்த்ததும் கண் விரிந்தது. "ஒரு தடவைக்கு எத்தனை பன்னு வேகும்!" என்றான்.

மைக்கேலின் அப்பாவை எனக்குத் தெரியும். மில் கேன்டீனில் என்னைத் தாண்டிப் போய் வரிசையில் முன்னால் நின்ற ஆள். மகன் பரவாயில்லை, நாற்காலி போட்டான்.

"அம்மா, பளபளன்னு வேணுங்களா, பளபளப்பில்லாம மேட்டா வேணுங்களா, பொறிப்பொறியா வேணுங்களா?"

"அதெல்லாம் அப்பறம். மொதல்ல இதுல ஒரு பொட்டுப் பச்சை இருக்கக் கூடாது. மூலை முடுக்கெல்லாம் சொரண்டிப்போடு."

"துருவெல்லாம் போயிருங்."

"நான் துருவைச் சொல்லல. பச்சையச் சொன்னேன்."

கலர் அட்டையில் மெரூன் மூன்று விதம் இருந்தது. மூன்றும் நான் சொல்கிற மெரூன் இல்லை. திங்கட்கிழமை வந்து சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

புரட்டாசி 4, சனி

பெருமாள் கோயில். கூட்டம். ஒருத்தி என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைத்தாள். முகத்தை நினைவில் வைத்திருக்கிறேன்.

புரட்டாசி 5, ஞாயிறு, அமாவாசை

செத்துப்போன எங்கள் வீட்டுக்காரர்கள், அண்ணன் தம்பி இருவருக்கும் இந்தத் தடவை ஒரே இடத்தில் படையல் வைத்துவிடலாம், அம்மா ஊரை விட்டுப் போகிறாளே என்று சுகுணா கேட்டாள். சரி என்றேன். தெய்வானை என் வீட்டுப் படியேறி வந்தாள். இளைத்துவிட்டாள். அவள் எப்போதும் உயரம், இப்போதும் என்னைக் குனிந்துதான் பார்க்கிறாள்.

படையல் முடியும் வரை பொறுத்தேன். காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்ததும் நேராகப் போய் நின்றேன். நடுவில் ஆள் வைக்கவில்லை.

"ஏனுங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எதுக்குப் பச்சை அடிச்சீங்க?"

"எதுக்குடி?"

"வண்டிக்கு. நம்ம சைக்கிளுக்கு."

அவள் யோசித்தாள். "நம்ம வண்டி கறுப்பில்ல?"

"வாங்கறப்பக் கறுப்பு. நான் சொல்றது திருமூர்த்தி பொறந்தப்ப."

"ஓ. திருமூர்த்தி பொறந்துட்டானா?"

அவன் தலை நரைத்துப் போய் வடைத் தட்டோடு அவள் பக்கத்தில்தான் நிற்கிறான். என்ன கிண்டல் பாருங்கள்! சுகுணா சட்டென்று தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போனாள். தாரணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை.

"மறந்துட்டேன்னு சொன்னா உட்ருவேன்னு பாக்கறீங்களா? இருங்க, சாட்சி இருக்குது." சீட்டுக் குழாய்க்குக் கீழே அந்தப் பச்சை இருக்கிறதே. மைக்கேலுக்குப் போன் போடச் சொன்னேன்.

"அம்மா, நேத்தே அடிச்சு முடிச்சாச்சுங். நீங்க சொன்னாப்பலயே ஒரு பொட்டுப் பச்சை இல்லீங்" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

போனைத் தாரணி கையில் கொடுத்துவிட்டு இலை போடப் போனேன்.

சாப்பிடும்போது தெய்வானை தானாகவே தலையைத் தூக்கினாள். "நாச்சு, ஒரு நாளாச்சும் சீட்டை ஏத்தி வெச்சியாடி நீ? ராத்திரி உன்ற ஒசரத்துக்கு எறக்கி ஓட்டிட்டு வந்து அப்படியே நிறுத்திப்போடுவ. விடியால இருட்டுல ஸ்பேனரைத் தேடறதா, ஷிப்டுக்குப் போறதா? முழங்காலு ஹேண்டில்பார்ல இடிக்க இடிக்க மிதிப்பேன். மில்லு கேட்டுல அத்தன பேரும் சிரிப்பானுக."

எல்லாரும் சிரித்தார்கள். சுகுணாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சீட்டெல்லாம் ஞாபகம் இருக்கிறதாம், பச்சை மட்டும் ஞாபகம் இல்லையாம். நான் சீட்டை ஏற்றி வைத்தேனா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை.

புரட்டாசி 6, திங்கள்

பிரேமை வீட்டுக்கே எடுத்துவரச் சொன்னேன். சாம்பல் நிறத்தில், உரித்த கோழி மாதிரி நின்றது. திருமூர்த்தியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். குழாய்க்குள்ளேயும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு இல்லை. இந்தக் காலத்தில் ஒரு வேலையைச் சொன்னபடி செய்கிறவன் ஒருத்தன் கிடைத்தான், அவனும் இந்த வேலைக்குத்தான் கிடைக்க வேண்டுமா?

"உடுங்க ஆத்தா" என்றாள் தாரணி. "பெரியாத்தாவுக்கு இப்பெல்லாம் நெறைய..."

"நடிப்பு. உனக்கு அவளைத் தெரியாது."

"சரி, நடிப்பு. இப்ப மெரூனா, என்ன?"

"பச்சை."

அவள் வாயில் இருந்த முறுக்கு அப்படியே நின்றது. "உங்களுக்குப் பச்சையே ஆகாதே! நான் பச்சைச் சுடிதார் போட்டாலே மூஞ்சியத் திருப்புவீங்க!"

"ஆகாதுதான். அவ முன்னால கொண்டுபோயி நிறுத்தறேன். பாத்த உடனே நெனப்பு வரும். எப்படி வராமப் போகுதுன்னு பாக்கறேன்."

வெறும் இரும்பு, ஈரக்காற்று பட்டால் நாளைக்கே துருப்பிடிக்கும். நல்லெண்ணெய் எடுத்து மேலிருந்து கீழ் வரைக்கும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். பழைய வேட்டியைச் சுற்றி உள்ளறையில் படுக்க வைத்தேன்.

புரட்டாசி 8, புதன்

மைக்கேல் வேட்டியைப் பிரித்தான். முகர்ந்து பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா! இது என்ன தோசைக்கல்லுங்களா? எண்ணெய் பட்டா எப்படிங் பவுடர் புடிக்கும்? அடுப்புல வெச்சாக் குமிழ் குமிழா வந்துருங்."

"இரும்புக்கு எண்ணெய் தேய்க்காம ஷாம்பூவா தேய்ப்பாங்க?"

மறுபடி மணல் அடிக்க வேண்டுமாம். ஆயுத பூஜைக்குள் முடியாதாம், பட்டறை நிறையக் கேட்டும் கிரில்லும் காத்திருக்கின்றன. யோசித்துப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்: தின்னர் போட்டு எண்ணெயைத் துடைத்துவிட்டு, அந்தக் காலத்து மாதிரி பிரைமர் பூசி, மேலே பிரஷ்ஷால் இனாமல் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். வீட்டிலேயே செய்யலாம்.

கலர் அட்டையை நீட்டினான். பாட்டில் பச்சை, கிளிப்பச்சை, பிஸ்தா, ராணுவப் பச்சை. எதுவும் இல்லை. நான் கையோடு ஒரு வாழையிலைத் துண்டு கொண்டுபோயிருந்தேன். திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினேன்.

"இது. இதைவிட ஒரு சொட்டு மங்கல். நூல் தூசி படிஞ்சாப்பல. மில்லுல மெஷினுக்கெல்லாம் அடிச்சிருப்பாங்களே, அது."

வெள்ளை, மஞ்சள், பச்சை, ஒரு துளி கறுப்பு என்று கலக்கிக் கலக்கி அட்டையில் பூசிக் காட்டினான். இல்லை என்றேன். மறுபடி கலக்கினான். இல்லை. கடைசியில் ஒன்றைப் பூசியபோது அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இதேதான்" என்றேன்.

"எப்படிங்கம்மா அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"கோவம் வருதில்ல?"

புரட்டாசி 9, வியாழன்

தின்னர் நாற்றம். தாரணி துடைத்தாள். நான் இங்கே விட்டாய், அங்கே விட்டாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி 10, வெள்ளி

பிரைமர் என்றால் செங்காவி நிறத்தில் ஒன்று. இரும்பு பெயிண்ட்டைப் பிடிப்பதற்காக முதலில் பூசுவது. பூசி முடித்துப் பின்வாசலில் நிறுத்தினோம். சாயங்கால வெயில் பட்டது. தாரணி என்னைப் பார்த்தாள், நான் வண்டியைப் பார்த்தேன்.

"ஆத்தா, நீங்க கேட்ட மெரூன் இதுதானுங்களா?"

இதுதான். அட்டையில் மூன்று விதத்திலும் இல்லாத மெரூன். பளபளப்பு இல்லாமல், வெங்காயச் சருகு மாதிரி.

"இதோட நிறுத்திக்கலாம். மேல வார்னிஷ் மட்டும் அடிச்சு வெச்சுக்கலாம். எத்தனை வருசம் கழிச்சு உங்க கலரு வந்திருக்குது!"

காபி டம்ளரை எடுத்தேன். காபி ஆறிப் போயிருந்தது.

புரட்டாசி 11, சனி

காய வேண்டும் என்று இன்றைக்கும் அப்படியே விட்டு வைத்தேன். மைக்கேல் ஒரு ராத்திரி காய்ந்தால் போதும் என்றுதான் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "கலரு எடுப்பா இருக்குதுங்களே" என்றாள். அவள் என்னிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது இதுதான் முதல் தடவை.

புரட்டாசி 12, ஞாயிறு

பச்சை, முதல் பூச்சு. நானே அடித்தேன். தாரணி பிரஷ்ஷைக் கேட்டாள், கொடுக்கவில்லை.

புரட்டாசி 13, திங்கள்

ஒரு ஈ வந்து ஒட்டிக்கொண்டது. எடுத்தேன். தடம் விழுந்துவிட்டது. மேலே ஒரு பூச்சு அடித்தேன். இப்போது அந்த இடம் மட்டும் மேடு.

புரட்டாசி 15, புதன், ஆயுத பூஜை

வீட்டில் பூஜையை முடித்துக்கொண்டு, பிரேமை ஆட்டோவில் ஏற்றி, நானும் தாரணியும் தெய்வானை வீட்டுக்குப் போனோம். வீடு முழுக்க மூட்டை கட்டியிருந்தது. சுவரில் படம் மாட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. அவள் நடுக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நேர் எதிரே நிறுத்தினேன். சந்தனம் தொட்டு வைத்தேன்.

அவள் நன்றாகப் பார்த்தாள். கையை நீட்டித் தடவினாள். ஈ உட்கார்ந்த மேட்டில் விரல் நின்றது.

"நல்லாருக்குது. யாரு வண்டிடீ?"

"நம்ம வண்டிங்க்கா. நல்லாப் பாருங்க. யாரு அடிச்ச பச்சை இது?"

சுகுணா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெய்வானை வண்டியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. பிறகு சொன்னாள்:

"நாந்தாண்டி நாச்சு. நாந்தான் அடிச்சேன். நெனப்பு வந்துருச்சு."

சொல்லிவிட்டாள்! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. ஆனால் நான் லேசில் விடுகிறவளா?

"எங்க வெச்சு அடிச்சீங்க?"

"வாசல்ல."

"பிரஷ்ஷு யாரு குடுத்தது?"

"உங்க மாமாதான் வாங்கிட்டு வந்தாங்க."

அடித்தது கிணற்றடியில். பிரஷ் மில் மேஸ்திரியிடம் வாங்கியது. பெயிண்ட் சொட்டியது அந்தக் கிணற்றுக் கல்லில் பல காலம் இருந்தது. அவளுக்கு ஒன்றும் நினைப்பு வரவில்லை. எனக்காகச் சொல்கிறாள். பொய்யாக ஒத்துக்கொண்டால் அது ஒத்துக்கொண்டதாக ஆகுமா?

"ஆமா. வாசல்லதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வெயில்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாப்பிட்டு முடித்த பிறகும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். இரண்டாவது தடவையும் கொஞ்சம் சாப்பிட்டேன்.

புரட்டாசி 16, வியாழன், விஜயதசமி

விடிந்ததும் தாரணியோடு போய்விட்டேன். லாரியில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பிரேமையும் ஏற்றச் சொன்னேன்.

"சித்தி, இவ்வளவு பாடுபட்டு அடிச்சிருக்கீங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்றாள் சுகுணா.

"எங்கூட்டுல பச்சை ஆகாது. அங்க உங்கொம்மா கட்டிலுக்கு எதுத்தாப்பல செவுத்துல மாட்டு. காலையில கண்ணு முழிச்சா அதுலதான் முழிக்கோணும். இது என்னன்னு கேப்பாங்க. கேக்கறப்பெல்லாம் சொல்லோணும், சலிச்சுக்கக் கூடாது. 'இது உங்க வண்டியும் நாச்சு வண்டியும். அவகிட்டக் கேக்காம நீங்க பச்சை அடிச்சீங்க. அவ இன்னும் கோவமா இருக்கறா.' எங்க, திருப்பிச் சொல்லு."

சுகுணா ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள். கெட்டிக்காரி. குரல்தான் சரியாக வரவில்லை, ஜலதோஷம் போல.

"செவுத்துல மாட்டலாம்னு நான் சொன்னப்பத் திட்டுனீங்க, இப்ப நீங்களே?" என்று தாரணி காதோரம் கேட்டாள்.

"நீ துருவ மாட்டச் சொன்ன."

கார் கிளம்பும்போது தெய்வானை கண்ணாடியை இறக்கி, "வர்றேன் நாச்சு. சாவி உங்கிட்டத்தான இருக்குது?" என்றாள்.

"எங்கிட்டத்தான் இருக்குதுங்க்கா" என்றேன்.

புரட்டாசி 17, வெள்ளி

வீட்டைக் கழுவிவிட்டேன். பின்வாசலில் சிந்திய பச்சை போகவில்லை.

புரட்டாசி 20, திங்கள்

சுகுணா போன் பண்ணினாள். கட்டிலுக்கு எதிரே மாட்டியாகிவிட்டது. காலையிலும் கேட்டாளாம், மதியமும் கேட்டாளாம், யாருது இது என்று. இவளும் நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒப்பித்தாளாம்.

"அதுக்கு என்ன சொல்றாங்க?"

"சிரிக்கறாங்க சித்தி. 'போடி, அவகிட்டக் கேக்காம நான் அடிப்பனா? நாச்சு சும்மா உடுவாளா என்னைய?' அப்படீங்கறாங்க. ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்றாங்க."

பார்த்தீர்களா! இங்கே என் கையைப் பிடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டவள், ஓசூர் போய்ச் சேர்ந்ததும் மாற்றிப் பேசுகிறாள். இதைப் போனில் கேட்டால் சரிப்படாது.

திருமூர்த்தியிடம் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை ஓசூருக்கு ஒரு டிக்கெட் போடச் சொல்லி. எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டான். அவள் ஒழுங்காக ஒத்துக்கொண்டதும் என்றேன்.